தாய்மொழிக் கட்டத்தில் நான் போட்ட இரண்டு

ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் எங்கள் ஆய்வு நிலையத்துப் பிள்ளைகள் என்னை விட்டபாடில்லை. போன மாதம் பிரியா என்கிற பெண் போனில் ஒரு படிவம் அனுப்பி, "மேடம், தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்க" என்றாள். இப்போது காகிதமெல்லாம் கிடையாதாம். கேள்வியைத் தொட்டால் பதில்கள் வரிசையாக விரிகின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த கேள்வி வரும். வசதிதான். நான் ஆறாவது கேள்வியில் நின்றுவிட்டேன். "தாய்மொழி: ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும்."

எழுத்துப்பிழை இல்லை. ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. இருந்தும் பிரியாவுக்குப் பதில் போட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் முனிரத்தினம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வியால் வேலை போனவள் அவள். அவளிடம் கேட்டதும் நான், பதிலை எழுதியதும் நான். வெளியில் இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் நிலையம் ஓசூரில் இருக்கிறது. பல ஊர், பல மொழி ஆட்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும்போது எதனால் உரசல் வருகிறது, அதைத் தணிக்க என்ன செய்யலாம் என்று ஆராய்வது வேலை. சொல்லும்போது பெரிதாகத் தெரியும். நடைமுறையில் பை நிறையப் படிவத்தோடு டவுன் பஸ்ஸில் ஏறி, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான். என் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து இங்கே ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். வீட்டில் எங்களுக்குத் தமிழும் ஜெபமாலையும் தவிர வேறு தெரியாது. முதல் ஐந்தாறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது தெலுங்கு கொஞ்சம், கன்னடம் கொஞ்சம், நாய்களிடமிருந்து தப்பிப்பது நிறைய.

நாய்க்குக் காரணமும் ஒரு வார்த்தைதான். உத்தனப்பள்ளியில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "சர்வே எடுக்க வந்திருக்கேன்" என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கோலோடு வந்தார். "அளக்க வந்தியா? கம்பெனிக்கு எடுத்த நெலம் பத்தலையா? செயின் எங்க, டேப் எங்க?" என்று கத்தினார். நாயும் அவரோடு சேர்ந்துகொண்டது. இந்தப் பக்கத்தில் சர்வே என்றால் நிலம் போகப்போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு 'பேட்டி' என்று சொல்லிப் பார்த்தேன், டிவியில் எப்போது வரும் என்று கேட்டார்கள். 'விசாரணை' என்றேன், கதவைச் சாத்தினார்கள். கடைசியில், "நாலு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்பதில் நிலைத்தேன். வார்த்தையால் வரும் சண்டையை ஆராய்கிறவள் வார்த்தையால் நாய்க்கடி வாங்கப் பார்த்த கதையைச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாள் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு, எங்கள் இயக்குநர் சடகோபன் சார். மெலிந்த ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை, மேஜையில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க். நேற்றுச் சேர்ந்த பிள்ளையையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கையில் ஒரு பச்சைப் பேனா இருக்கும். நாங்கள் கொண்டுவரும் ஒவ்வொரு படிவத்தையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். எங்காவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் பச்சையில் வட்டம் போட்டு, "அம்மா, இது மட்டும் மிஞ்சிடுச்சு போல" என்று நீட்டுவார். அவ்வளவுதான். அந்த ஒரு கட்டத்துக்காக மறுபடி மத்திகிரிக்கோ சூளகிரிக்கோ பஸ் ஏற வேண்டும். ஒருமுறை ஒரே கட்டத்துக்காக சிங்காரப்பேட்டைவரை போய் வந்திருக்கிறேன். போன இடத்தில் அந்தப் பெண் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர் வகுத்த முறைகள் கறாரானவை. கம்பெனிக்குள் யாரையும் கேட்கக் கூடாது, சூப்பர்வைசர் நிழல் படும், வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஜனங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். எழுதியதைத் திருப்பி அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் முதல் பக்கம். பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும். அலுவலகம் வந்ததும் அதைக் கிழித்துத் தனியே ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். மீதிப் பக்கங்களில் ஓர் எண் மட்டும் இருக்கும். பீரோ இருந்தால்தான் எந்த எண் யார் என்று தெரியும். அதன் சாவி என்னிடம் இருந்தது. பதினெட்டு வருஷம் என் கைப்பையில் கிடந்த சாவி அது. ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்லும் வாக்கும் இதை நம்பித்தான்: "நீங்க சொல்றது எதுவும் உங்க பேரோட வெளிய போகாது."

இனி முனிரத்தினம்மா.

வண்டிகளுக்கு வயரிங் செய்கிற கம்பெனி அது. பெயர் வேண்டாம். நீளமான பலகையில் கலர் கலராக வயர்களை ஓட்டி, நுனியில் கனெக்டர் என்கிற பிளாஸ்டிக் டப்பாவின் துளைகளில் சொருக வேண்டும். லைன் முழுக்கப் பெண்கள். அங்கே ஒரு சண்டை நடந்து அரை நாள் வேலை நின்றுபோனது. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். சண்டைக்குக் காரணம் ஒற்றை எழுத்து. சங்கரன்கோவில் பக்கத்துச் செல்வி, பழுது பார்க்கிற நாகராஜை, "ஏலே, இங்கன வந்து பாருலே, மெசின் நிக்கி" என்று கூப்பிட்டிருக்கிறாள். நாகராஜ் கன்னடக்காரன். அவன் காதில் அந்த 'லே' செருப்படி மாதிரி விழுந்தது. "யாரப் பாத்து லேங்கற?" என்று அவன் ஸ்பேனரை வீசியெறிய, கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது. தெற்கத்தியார் ஒரு பக்கம், உள்ளூர்க்காரர் ஒரு பக்கம்.

நாங்கள் போவதற்கு முன்னாலேயே அதைத் தீர்த்துவைத்தவள் முனிரத்தினம்மா. அவள் உத்தனப்பள்ளிக்காரி, அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நாகராஜிடம் போய்க் கன்னடத்தில், அவங்க ஊரில் கூடப் பிறந்த தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், உன்னைத் தம்பி என்று நினைத்துவிட்டாள், நீ சந்தோஷப்பட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். செல்வியிடம் வந்து, "இங்க மாட்டக்கூட லேன்னு கூப்புட மாட்டாங்கடி. அண்ணான்னு சொல்லிட்டுப் போயேன், வாயி வலிக்குதா?" என்றிருக்கிறாள். நாங்கள் மூன்று மாதம் ஆராய்ந்து சொல்லவேண்டியதை அவள் டீ இடைவேளையில் முடித்துவிட்டாள். அடுத்த லைன் லீடர் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவளும் அந்தப் பதவிக்குத்தான் ஆறு வருஷமாகக் காத்திருந்தாள்.

மத்திகிரியில் அவளுடைய வாடகை வீட்டுக்கு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூளியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டு ஆறாவதுக்கு வந்தேன்.

"தாய்மொழி என்னம்மா?"

"பொறந்த வீட்ல தெலுங்கு. வீட்டுக்காரர்கிட்ட கன்னடம். படிச்சது பன்னெண்டாவது வரைக்கும் தமிழு. சண்டைன்னு வந்தா எது முந்திக்குதோ அது."

நான் சிரித்துவிட்டேன். "அப்படி எழுத எடமில்லம்மா. ஒண்ணு சொல்லு."

"ஒண்ணுன்னா எப்பிடிக்கா? மூணும்தான்."

"அம்மா பேசறது எது?"

"தெலுங்கு."

"அப்ப தெலுங்கே போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோங்க. நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போய்விட்டாள். எங்கள் படிவக் குறியீட்டில் தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு இரண்டு, கன்னடத்துக்கு மூன்று. கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். சுவரில் தமிழ் மாதக் காலண்டர் தொங்கியது. பால் கணக்கும் தடுப்பூசித் தேதியும் அவள் கையால் அதில் தமிழில் எழுதியிருந்தது. அதையும் பார்த்தேன். எந்த எழுத்து படிக்கத் தெரியும் என்று எங்கள் படிவத்தில் கேள்வி கிடையாது. ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. கட்டம் நிரம்பிவிட்டதே என்று நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன்.

அறிக்கை போனது. வேலைக் குறிப்புகளை அவரவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்தால் மனக்கசப்பு குறையும் என்று அதில் ஒரு வரி இருந்தது. நல்ல வரிதான். அதை எழுதியதும் நான்தான். இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி மனிதவள அதிகாரி என்னைத் தேடி வந்தார். சின்ன வயது, நல்ல பேச்சு. அறிக்கையில் பல இடத்தில் கோடு போட்டு வைத்திருந்தார்.

"மேடம், இதைச் செஞ்சே ஆகணும்னு எம்.டி. சொல்லிட்டார். மொழிவாரியா லைன் பிரிச்சு, அவங்கவங்க மொழியிலயே ஷீட் ஒட்டப் போறோம். யார் யாருக்கு எந்த மொழின்னு ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா போதும்."

சடகோபன் சார் அப்போது கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் இருந்தார். அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் என்பதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது? எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், எல்லாம் யாரோ ஒருவர் அலமாரியில் தூங்கின. முதன்முதலாக ஒரு ஆள் கோடு போட்டுப் படித்திருக்கிறார். அந்தச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. பீரோவைத் திறந்தேன். பெயரையும் எண்ணையும் பொருத்தி, நானே உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று வேறு பாராட்டிவிட்டுப் போனார்.

லைன்கள் பிரிந்தன. செல்வி தமிழ் லைனுக்குப் போனாள். முனிரத்தினம்மாவைத் தெலுங்கு லைனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே பாதிக்குமேல் ஆந்திராவிலிருந்து புதிதாக வந்த பெண்கள். ஒரு வகையில் அவளுக்கு நல்லதும் நடந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லி, அந்த லைனுக்கு அவளையே லீடர் ஆக்கினார்கள். லீடரின் முதல் வேலை, ஷிஃப்ட் தொடங்கும்போது பலகையில் ஒட்டியிருக்கும் வேலைக் குறிப்பு ஷீட்டை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பது. ஷீட் தெலுங்கு எழுத்தில் இருந்தது. அவளுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. இந்த எல்லைப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டுமே எழுதப் படித்தவர்கள் ஏராளம். ஓசூரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். ஆராய்ச்சிக்காரி எனக்கு அது உறைக்கவில்லை.

வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கம். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த இடமல்லவா. சித்தூர்ப் பெண் ஒருத்தியை, "நீ படிம்மா, எனக்குத் தொண்ட கட்டியிருக்குது" என்று தினமும் வாசிக்கவைத்தாள். இரண்டு மாதத்துக்குமேல் இப்படியே ஓடியது. ஒருநாள் அந்தப் பெண் லீவு. அன்றைக்கென்று ஷீட்டின் அடியில் கையால் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார்கள்: படம் பழையது, ஏழாம் துளையிலும் எட்டாம் துளையிலும் வயரை மாற்றிச் சொருகவும். முனிரத்தினம்மா படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஷிஃப்ட் முழுக்கச் செய்த சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

விசாரணையில் அவள் உண்மையைச் சொன்னாள், தெலுங்கு படிக்கத் தெரியாது என்று. யாரும் நம்பவில்லை. பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். "தாய்மொழி தெலுங்குன்னு நீதானே குடுத்திருக்கே? இப்ப தப்பு நடந்ததும் தெரியாதுங்கறே?" பொய் சொல்லிப் பதவி வாங்கியவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவள் முகத்துக்கு நேரே நீட்டிய காகிதத்தில் இருந்தது என் அழகான கையெழுத்து.

அன்று மாலையே அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அக்கா, ஒரே ஒரு தடவ வந்து சொல்லுங்க. மூணு பாஷன்னுதான் நான் சொன்னேன், ஒண்ணு சொல்லுன்னு கேட்டது நீங்கதான்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு மேனேஜர் வரச் சொல்லியிருக்காரு."

நான் போய்ச் சொன்னால், பட்டியல் எப்படி வெளியே போனது என்ற கேள்வி வரும். சாருக்குத் தெரிந்துவிடும். என் வேலை என்ன ஆகுமோ என்று அந்த நிமிஷத்திலும் என் மூளை கணக்குப் போட்டது. "சார் லீவுல இருக்காரும்மா. திங்கக்கெழம வந்துருவாரு. கேட்டுட்டு நானே வரேன்" என்றேன்.

"திங்கக்கெழமையா?" என்றாள். பிறகு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலையில் அவளிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். நேரே ஒன்பது மணிக்குப் போயிருந்தால் நிறுத்தியிருக்கலாமோ என்னவோ, தெரியாது. அன்று அந்த நேரத்தில் நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

திங்கட்கிழமை சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். எல்லாவற்றையும் சொல்லி, பீரோச் சாவியை மேஜைமேல் வைத்தேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் ஊற்றினார், குடிக்கவும் இல்லை. அப்புறம், "காலிக் கட்டம் இருக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி உங்களைப் பழக்கினது நான்தானே அம்மா" என்றார். அது ஆறுதலா, கண்டிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாவியை மட்டும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிற்பாடு அது வேறொருவரிடம் போனது. அன்று மத்தியானமே இருவரும் கம்பெனிக்குப் போனோம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். மரியாதையாக உட்காரவைத்து, காப்பி கொடுத்து, தெலுங்கு லைன் ஷீட்டுகளை இனி தமிழ், தெலுங்கு இரண்டு எழுத்திலும் ஒட்டுகிறோம் என்றார்கள், ஒட்டவும் செய்தார்கள். ஆனால் ராஜினாமா ராஜினாமாதான் என்று சொல்லிவிட்டார்கள். மொழிவாரி லைன்களையும் கலைக்கவில்லை. கேன்டீனில் இப்போது மூன்று மேஜை வரிசை உண்டு என்று பிற்பாடு செல்வி சொன்னாள். நாங்கள் ஆராயப் போவதற்கு முன்னால் இரண்டாகப் பிரிந்தது, சேர்ந்தும் விட்டது. ஆராய்ந்த பிறகு மூன்றாகப் பிரிந்தது சேரவே இல்லை.

அதற்கப்புறமும் பதினோரு வருஷம் அதே வேலையைப் பார்த்தேன். படிவங்களில் தாய்மொழிக்கு மூன்று இடம் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினேன். எழுத்துக்குத் தனிக் கேள்வி சேர்த்தேன். கூட்டங்களில் முனிரத்தினம்மாவின் பெயர் சொல்லாமல் அவள் கதையை உதாரணமாகச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் பட்டியலைக் கொடுத்த ஆள் யார் என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அவளைத் தேடிப் போகவும் இல்லை. இத்தனைக்கும் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம்.

படிவம் போனுக்கு மாறியபோது நான் வாங்கிய மூன்று இடம் மறுபடி ஒன்றாகிவிட்டிருந்தது. பிரியாவுக்கு 'மட்டும்' என்பதை எடுத்துவிடு, எத்தனை வேண்டுமானாலும் தொடலாம் என்று மாற்று என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் உத்தனப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்துக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. பக்கத்து ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிற வேலையாம். விரல் நுனியெல்லாம் முள் கீறல். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று நாற்காலி போட்டாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எப்பவோ போச்சுக்கா. ஆனா ஒண்ணு, அன்னைக்கே முடிவு பண்ணிட்டன். எம்பொண்ண நாளைக்கு எவனும் பேப்பரப் பாத்து எடம் மாத்தி உக்கார வெக்கக் கூடாது. வீட்ல தமிழு மட்டுந்தான். அவ அப்பாகிட்டயும் கண்டிசனா சொல்லிட்டன். யாரு வந்து கேட்டாலும் ஒரே பதிலு."

அந்தப் பெண், தூளியில் கிடந்தவள், உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. அவள்தான் எடுத்துக் காதில் வைத்து, இரண்டு நிமிஷம் முழித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். "குப்பம் பெரிம்மா. என்னமோ சொல்றாங்க, எனக்குப் புரியல. நீயே பேசு." முனிரத்தினம்மா வாங்கிக்கொண்டு தெலுங்கில் பேசினாள். அந்தம்மா உரக்கப் பேசுகிறவர், சொல்வது எங்களுக்கும் நன்றாகக் கேட்டது.

பெண் என் பக்கம் சாய்ந்து, "ஆன்ட்டி, உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா? என்னா சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன்னைப் பத்தித்தாம்மா கேக்கறாங்க. எவ்ளோ வளந்திருக்கான்னு கேக்கறாங்க. பாத்து வருஷமாச்சு, லீவுக்கு அனுப்பி வை, பத்து நாள் எங்கிட்ட இருக்கட்டும்னு சொல்றாங்க."

"ஐயோ" என்றாள் அவள். "அங்க போயி நான் யார்கிட்ட பேசறது?"